குறி மாறிய கணக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க முட்டி வீக்கம் வடிஞ்சுதா? நீங்க படியில சறுக்கினது தம்பி சொல்லித்தான் தெரியும். உங்க கடிதத்துல "சுகம்"னு ஒரே வார்த்தை.

இங்கே ஒரு கூத்து. எங்க கம்பெனியில செய்யறது சுளுக்குக்கு வைக்கிற குளிர்ப்பை. உள்ளே உப்பும் தண்ணியும் தனித்தனியா இருக்கும். அழுத்தினா உப்பு கரைஞ்சு பை சில்லுன்னு ஆயிடும். நூறு மில்லி தண்ணிக்கு இருபது கிராம் உப்பு போட்டா பன்னிரண்டு டிகிரி இறங்குது. கரையும்போது உப்பு எவ்வளவு வெப்பத்தை இழுக்குதுன்னு கணக்குப் போடறதுதான் என் வேலை. தண்ணி குளிர்ந்து போச்சேன்னு நான் விடைக்குக் கழித்தல் குறி போட்டுட்டேன். உப்பு வெப்பத்தை வாங்கிக்குது, அதனால கூட்டல்தான் வரணும். "உன் கணக்குப்படி இது வெந்நீர் ஒத்தடம்மா"ன்னு மேலதிகாரி சொல்ல, ஆய்வுக்கூடமே சிரிச்சுது. நானும் சிரிச்சு வச்சேன்.

உங்களுக்கு ரெண்டு பை அனுப்பலாம்னு கூரியர் கடைக்குப் போனேன். இது சமையல் உப்பு இல்ல, தீயைத் தூண்டுற ரகம்; அதனால விமானத்துல ஏத்த மாட்டாங்களாம். தினம் நாற்பது பையை அழுத்திப் பார்க்கிறேன், ஒண்ணுகூட உங்க முட்டிக்கு வந்து சேராது. அந்த ரெண்டும் என் மேசை மேலேயே கிடக்கு.

என் பழைய ஸ்வெட்டரை அனுப்பி வைங்க. கை விறைச்சுப் போகுது, வேற ஒண்ணுமில்ல. முகத்தை மட்டும் படம் பிடிச்சு அனுப்பாம முட்டியையும் அனுப்புங்க.

மணி அடிச்சுட்டாங்க, போகணும். நீங்களும் குறியை மாத்திப் போடாதீங்கப்பா. வலிச்சா வலிக்குதுன்னே எழுதுங்க.

உங்கள் மகள்