அச்சில் வராத பெட்டி

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் வேலையில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அத்தானுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை. காலையில் சட்டைப் பொத்தானோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டுகிறார். நான் கிட்டப் போனால் முறைப்பு. முறைக்கிற அளவுக்குத் தேறிவிட்டாரே என்று நானும் விட்டுவிடுகிறேன்.

ஆஸ்பத்திரித் துணிகளைக் கிருமி போக ஆவியில் வேகவைக்கும் அந்த இயந்திரத்துக்கு அவரை மாற்றி மூன்று வாரம்கூட ஆகவில்லை. நீ இங்கே வேலை பார்த்தபோது எழுதி, அச்செடுத்துக் கொடுத்துவிட்டுப் போன தாள்கள்தான் பக்கத்தில் ஆணியில் தொங்குகின்றன. 'அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வந்ததும் கதவைத் திறக்கவும்.' வந்தது, திறந்தார். உள்ளே நின்ற ஆவி பாய்ந்து கையைச் சுட்டுவிட்டது. மேற்பார்வையாளர் கவனக்குறைவு என்று எழுதிவிட்டார். அடுத்த மாதம் பத்தாம் தேதி விசாரணை. குற்றம் அவர்மேல் நின்றால் வேலை போய்விடும்.

எனக்கு மனசு ஆறவில்லை. அதே ஆஸ்பத்திரியில் என் துணி எண்ணும் வேலையை முடித்துவிட்டு ஸ்டோர்காரரிடம் போனேன். நீ எழுதிய உதவிக் கோப்பைப் புதுக் கம்ப்யூட்டர் திறக்கவே மாட்டேன் என்கிறது. அந்தப் பழைய சிஸ்டத்தைச் செய்தவர்களே அதைக் கைகழுவிவிட்டார்களாம். நல்லவேளையாக, பழைய கம்ப்யூட்டரை அவர் தூக்கிப் போடவில்லை. மூன்றாவது தடவையில் உயிர் வந்தது. உன் பக்கத்தைத் திறந்தேன்.

அதே வரிதான். ஆனால் 'பூஜ்யம்' மட்டும் பச்சை எழுத்தில், கீழே புள்ளிக்கோடு. அதன்மேல் அழுத்தினேன். சின்னதாக ஒரு மஞ்சள் பெட்டி விரிந்தது. 'இந்த முள் சில நேரம் பூஜ்யத்திலேயே சிக்கிக்கொள்ளும். பக்கக் குழாயைத் திறந்து, ஆவி வரவில்லை என்று பார்த்த பிறகே கதவைத் தொடவும்.' உன் நடைதான், படித்ததும் தெரிந்தது. அந்தப் பக்கத்தை அங்கேயே அச்செடுக்கச் சொன்னேன். இரண்டு தடவை எடுத்தோம், பெட்டி வரவில்லை. "அழுத்தினாத்தான்மா அது தெரியும், பேப்பர்ல வராது" என்றார் ஸ்டோர்காரர்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. விசா கையில் வந்த அவசரத்தில் அறுபது பக்கத்தை இரண்டே நாளில் எடுத்தாய். ஆனால் கடைசித் தாளில் 'முழுவதும் சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அவர் எந்தப் பக்கத்தைப் படித்துக் கதவைத் திறந்தார் என்று போனில் நான் சொன்ன நாளிலிருந்துதான் நீ பேசுவதில்லை. எனக்குக் கோபம் வருகிறது, தம்பி. பயந்தவனிடம் கோபப்படுகிறோமே என்று அழுகையும் வருகிறது.

விசாரணையில் இதைச் சொல்லுங்கள் என்று உன் அத்தானிடம் கெஞ்சினேன். "அவன் இப்பதான் அங்க காலூன்றியிருக்கான். இதே மாதிரி எழுதுற வேலைதான் அங்கயும். இது தெரிஞ்சா அவனை வச்சுக்குவாங்களா? நான் சரியா படிக்கலைன்னு சொல்லிட்டுப் போறேன், விடு" என்கிறார். உனக்கு எழுதக் கூடாது என்றும் உத்தரவு. இத்தனை வருடத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பத்தாம் தேதி அத்தனை பேர் முன்னால் சொல்லப் போகிறார்.

மேற்பார்வையாளருக்கு நீயே நாலு வரி எழுதிவிடு. மஞ்சள் பெட்டியில் இருப்பதை எழுதியது நீ, தாளில் விட்டுப்போனதும் உன் கையால்தான் என்று எழுது. ஒன்பதாம் தேதிவரை பார்ப்பேன். வரவில்லை என்றால் மறுநாள் ஸ்டோர்காரரும் நானும் அந்தப் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு விசாரணைக்குப் போவோம். யார் செய்தது என்று கேட்பார்கள்.

உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கவேண்டும் என்றுதான் இன்றைக்கும் வேண்டிக்கொண்டேன். உன் பெயரை அங்கே என் வாயால் சொல்ல வைத்துவிடாதே, ராஜா.

உன் அக்கா