இடப்பக்கம் இழுத்த கை

மச்சான்,

இன்று காலை பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரை டீக்கடையில் நின்றிருந்தேன். ஏழு கடலையும் முதுகில் சுமந்து வந்ததுபோல் ஒரு கண்டெய்னர் லாரி முனகிக்கொண்டு வந்து நின்றது. அதன் சக்கரத்திலிருந்து பிரேக் கருகும் வாசனை வந்தது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். போன மாதம் உன் காரில் அடித்த வாசனை அது.

உன் கார் இடது பக்கம் இழுத்தது, மச்சான்.

இழுப்பு என்றால் எனக்கு எது ஞாபகம் வரும் என்று உனக்குத் தெரியும். கார் உன்னுடையது, ஓட்டுவது நான். என் தங்கையைக் கட்டிய ஒரே தகுதியில் இடது சீட்டில் சக்கரவர்த்தி மாதிரி சாய்ந்திருப்பாய். இந்தக் கடை கண்ணில் பட்டதும் எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்து உன் பக்கம் ஒரு இழுப்பு. “டீ குடிக்காம போனா வண்டி கோச்சிக்கும் மச்சான்.” நான் போடுகிற கூச்சலில் ஒரகடம் வரைக்கும் கம்பெனிகளில் அசெம்பிளி லைன் நின்றிருக்கும். நீ சிரிப்பாய்.

ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அப்புறம் எழவில்லை.

“வருஷம் திரும்புற வரைக்கும் வண்டிய யாரும் எடுக்கக் கூடாது” என்றாள் உன் மனைவி. குன்றத்தூர் வீட்டு வாசலில் கார் அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை தவறாமல் அதைக் கழுவி, குழாய்ப் பக்கம் இருந்த முன் சக்கரத்துக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினாள். திருப்பதியில்கூட அத்தனை அபிஷேகம் நடந்திருக்காது.

வருஷ திதி முடிந்ததும் உன் மகள் பவித்ரா காரில் வேலைக்குப் போகிறேன் என்றாள். முதல் நாள் நான் ஓட்டினேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது கார் பசுமாடு மாதிரி சாதுவாக வந்தது. பாதி வழியில் லேசாக இழுத்தது. ஏரிக்கரை வந்ததும், சரியாக இந்தக் கடைக்கு எதிரே, ஸ்டீயரிங் என் கையை மீறி இடது பக்கம் போனது. அதே இழுப்பு. பக்கத்து சீட்டைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பவித்ராதான் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியும். இருந்தும் பார்க்கவில்லை.

டயரில் காற்று பார்த்தேன், சரியாக இருந்தது. முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். டயரில் குறை என்றால் இழுப்பும் பக்கம் மாற வேண்டும், மாறவில்லை. அலைன்மென்ட் கடைக்காரர், “எல்லாம் நேராத்தான் கீது சார்” என்று கையை விரித்தார். உன் மனைவிக்கோ சந்தேகமே இல்லை. “அவருதாண்ணா இழுக்குறாரு. வண்டில யாரும் கை வெக்காதீங்க.” கண் மினுங்கச் சொன்னாள். எனக்கே பாதி நம்பிக்கை.

அடுத்த வாரம் பவித்ரா ஓட்டினாள், நான் உன் சீட்டில். முன்னால் போன கம்பெனி பஸ் நின்றதும் பிரேக் போட்டாள். கார் வெடுக்கென்று இடது பக்கம் பாய்ந்து, ஓரத்தில் பஸ்ஸுக்கு நின்ற பெண்களுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ஒருத்தி சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். பவித்ரா ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா ஏன் மாமா என்னை பயமுறுத்துறாரு?”

நேரே ஒரகடத்தில் தூத்துக்குடிக்கார மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஜாக்கி வைத்துத் தூக்கினார். வலது சக்கரத்தைத் தட்டினால் ராட்டினம் மாதிரி சுற்றியது. இடதைத் தொட்டவர் கையை உதறினார். அத்தனை சூடு.

“ஓடாம நின்ன வண்டியா அண்ணாச்சி? பிரேக்கு துருப்பிடிச்சு வீல விடமாட்டேங்கு. ஓட ஓட சூடேறி இன்னும் இறுக்கும். அதான் போகப் போக இழுக்கு.” உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “இந்த ஒரு வீலுக்கு மட்டும் யாரு இவ்வளவு தண்ணி ஊத்துனது?” என்றார்.

எனக்குக் குழாய்ப் பக்கத்துச் சக்கரம் ஞாபகம் வந்தது. “மழைப்பா” என்றேன்.

துருவைச் சுரண்டி, கிரீஸ் வைத்து, புது பிரேக் பேடு போட்டார். கார் கோடு போட்டதுபோல் நேராக வீட்டுக்கு வந்தது. உன் மனைவி வாசலில் நின்றாள்.

“இழுக்கலியாண்ணா?”

“இல்லம்மா. பொண்ணு வேலைக்குப் போவணும், வுட்டுடு மச்சான்னேன். கையை எடுத்துட்டாரு.”

கார் பானெட்டைத் தடவிக்கொடுத்தாள். “அப்ப வெள்ளிக்கிழம கழுவலாமா, கூடாதா?”

“கழுவும்மா. கழுவினதும் எனக்கு ஒரு போன் போடு. ஒரு சுத்து ஓட்டி, பிரேக்கப் புடிச்சுப் புடிச்சுக் காய வெச்சிட்டு வந்துடறேன்.”

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. போன் வந்தது, போனேன். சக்கரத்தில் குங்குமம் இன்னும் ஈரமாக இருந்தது. ஏரிக்கரை வந்தபோது கார் வலது பக்கம் ஒதுங்கி, நடுத் திட்டை உரசப் போனது. பின்னால் வந்தவன் என் பரம்பரையையே திட்டிவிட்டுப் போனான். காரில் குறையில்லை, மச்சான். நீ இழுப்பாய் என்று என் கை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் பிடித்திருக்கிறது.

நானே இடது பக்கம் ஒடித்துக் கடையோரம் நிறுத்தினேன். இறங்கி, முன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.