வலது காலுக்கு அளந்த பெட்டி

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் மாப்பிள்ளை எழுதுவது. தினமும் போனில் தொண்டை கிழியப் பேசுகிறவனுக்கு இன்றைக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ ஆரம்பித்தாலே எனக்கு வாயடைத்துப் போகிறது, அதனால்தான் எழுதுகிறேன். அத்தை பக்கத்தில் இருந்தால் இதை மடித்து வைத்துவிட்டு அப்புறம் தனியாகப் படி.

இங்கே உன் தங்கை நலம். குழந்தைக்குச் சளி, ராத்திரியெல்லாம் மூக்கடைப்பு. உனக்குத் தையல் போட்ட இடம் காய்ந்துவிட்டதா, செயற்கைக் காலுக்கு அளவெடுக்க எப்போது வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று மறக்காமல் கேட்டு எழுதச் சொன்னாள். நீ சரியாகத் தூங்குவதே இல்லை, மாத்திரை போட்டாலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாய் என்று அத்தை சொன்னாராம். இவள் அதையே நினைத்து நினைத்து ஓய்ந்துபோகிறாள்.

உன் கிதாருக்குக் காலால் மிதித்துச் சத்தம் மாற்றுகிற புதுப் பெட்டி ஒன்று செய்திருக்கிறேன். பழையது விபத்தில் வேனோடு நசுங்கிப்போனது உனக்குத் தெரியும். எட்டுப் பெடல் செய்கிற வேலையை உள்ளங்கை அளவு லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றே செய்யும், கிதாரை அதில் சொருகினால் எதிரொலி, உறுமல் எல்லாம் அதுவே போட்டுத் தரும் என்று அடித்துச் சொல்லி உன்னை நம்ப வைத்தவன் நான்தானே. நீ மட்டும் கடைசிவரை அதை என் கால்குலேட்டர் என்றே நக்கலடித்தாய். இந்த முறையும் வேலை செய்யும் இடத்தில் கழித்துப்போட்ட பிரிண்டரின் அடித்தகட்டைத்தான் எடுத்துக்கொண்டேன். நல்ல கனமான இரும்பு, மிதித்தால் நகராது.

அதில் ஒரு கூத்து நடந்தது. கூத்து என்று எழுதிவிட்டேனே தவிர, அது கூத்து இல்லை. ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே ஒரு ஷூ அகலம் இருக்கணும், இல்லாட்டி ஒண்ணை மிதிச்சா ரெண்டு அமுங்கும் என்று நீ எப்போதும் சொல்வாய் அல்லவா? ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் உன் ஷூ ஜோடியாக இருந்தது. ஒன்றை எடுத்துத் தகட்டின் மேல் வைத்து அளந்தேன். ஆறு துளை போட்டேன், ஆறு ஸ்விட்சையும் முடுக்கினேன். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஷூவைத் திரும்பவும் வைத்தபோதுதான் உறைத்தது. நான் அளந்தது வலது ஷூவை வைத்து. நீ நின்றுகொண்டு வலது காலால் மிதிப்பதைப் பத்து வருஷமாகப் பார்த்த பழக்கம், கை தன்பாட்டுக்கு அதைத்தான் எடுத்திருக்கிறது. உன் தங்கை அந்த நேரம் பார்த்து டீ கொண்டுவந்தாள். ஷூவைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள், டீயை வைத்துவிட்டுப் போய்விட்டாள். சமையலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

அந்தத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று செய்தேன். நீ நாற்காலியில் உட்கார்ந்து இடது காலால் மிதிக்கிற மாதிரி நாலே ஸ்விட்ச், இடது ஷூவை வைத்து அளந்தது. உன் தங்கை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எங்க அண்ணனுக்காக இவரு சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்காரு, இப்படி ஒரு மனுஷன் கிடைக்கணுமே என்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

புதன்கிழமை நீ போனில் அழுதாயே. அன்னைக்கு வேன்ல நான் மட்டும் தூங்காம முழிச்சிருந்தா நாய் வர்றதப் பாத்துக் கத்தியிருப்பேனே மாப்ளே, உன்னையும் சேத்துக் கொல்லப் பாத்தேனே, என்னை மன்னிச்சிடு என்றாய். மன்னிப்பு! என்னிடம்! நான் சரி சரி என்று போனை வைத்துவிட்டேன். சரி என்று சொன்னேன் மச்சான். என்னை நானே செருப்பால் அடித்துக்கொண்டாலும் தீராது.

நாய் எதுவும் வரவில்லை.

அன்றைக்கு மேடையில் பாதிப் பாட்டில் பெட்டி கரகரத்தது. நீ எல்லார் முன்னாலும், இனிமே இந்தக் கால்குலேட்டரை வெச்சா நான் வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. வேனில் நீ தூங்கினதும், உன் காலடியில் இருந்த பெட்டிக்கு வேனிலிருந்தே கரண்ட் கொடுத்தேன். ஓட்டிக்கொண்டே அதன் வைஃபையில் என் போனை இணைத்தேன். ஒலியைக் கொஞ்சம் தேக்கி அனுப்பச் சொல்லும் எண் ஒன்று உண்டு, அதைக் கூட்டினால் கரகரப்பு போய்விடும் என்று தோன்றியது. நீ எழுந்ததும் காட்டி உன் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான் என் புத்தி. நாலு மணி வெயில், நேரான ரோடு, ஒரு நிமிஷ வேலை. எண்ணை மாற்றிவிட்டு நிமிர்ந்தால் ஓரமாக நின்றிருந்த லாரி கண்ணுக்கு நேரே. கை தானாகத் திருப்பியது. என் பக்கம் தப்பித்துக்கொண்டது, உன் பக்கம் போய் மோதியது. நாய்க்காகத் திருப்பினேன் என்று போலீஸிடம் எழுதிக்கொடுத்தேன். மயக்கம் தெளிந்ததும் உன்னிடமும் அதையே சொன்னேன்.

பழைய பெட்டியின் மெமரி கார்டு மட்டும் பிழைத்திருந்தது. நீ பார்த்துப் பார்த்து வைத்த சத்தங்களைப் புதியதில் ஏற்றலாம் என்று போன மாதம் அதைத் திறந்தேன். கரகரப்பைக் கண்டுபிடிப்பதற்காக, பெட்டியில் நடப்பதை ஒவ்வொரு வரியாக எழுதி வைக்கும்படி முன்பு நானே செய்திருந்தேன். கடைசி வரியில், போனிலிருந்து தேக்கும் எண் 64 என்பது 128 ஆக மாற்றப்பட்டது என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அந்த வரியை அழிக்க எல்லாம் டைப் செய்துவிட்டு, என்டர் தட்டாமல் கம்ப்யூட்டரை மூடினேன். அது நல்ல புத்தியா, வெறும் பயமா என்று எனக்கே தெரியவில்லை.

அந்தக் கார்டை இந்தத் தாளின் பின்புறம் ஒட்டியிருக்கிறேன். பெட்டி தனியாகப் பார்சலில் வரும். அதற்குள்ளும் 128தான் வைத்திருக்கிறேன். வேறு எண்ணெல்லாம் போட்டுப் பார்த்தேன், கரகரக்கிறது. அந்த எண்தான் சரி. பிடிக்காவிட்டால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், எங்கேயாவது வீசிவிடு. ஆனால் கிதாரை மட்டும் கட்டிலுக்கு அடியிலிருந்து எடு.

இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து உன் தங்கையிடம் சொல்லப்போகிறேன். நாளைக் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக்கொடுத்ததை மாற்றி எழுதிக் கொடுப்பேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டு வாசலில் வந்து நின்றால் எனக்காக ஒரு வார்த்தை பேசாதே, அவளைத் திருப்பி அனுப்பாதே. குழந்தைக்கு ராத்திரியில் தலையைச் சற்று உயர்த்திப் படுக்க வைத்தால்தான் மூச்சு சீராக வரும்.

நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு முகமில்லை. கேட்பது ஒன்றுதான். மூன்று மணி நேரம் நின்று வாசித்துக் களைத்துப்போய் நீ தூங்கினாய். என்னை நம்பித் தூங்கினாய். அதில் உன் தப்பு ஒரு இம்மியும் இல்லை. இதைப் படிக்கிற ராத்திரியாவது விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடித் தூங்கு மச்சான்.

இப்படிக்கு,
அன்று விழித்திருந்தவன்