வலப்பக்கத்தில் இருப்பவளுக்காக

இன்று காலை உன் நீலத் துப்பட்டா திரும்பி வந்தது. போன வாரம் ஜெபத்தில் அதை வாங்கிப் போர்த்திப் போனவள் துவைத்து, இஸ்திரி போட்டு, ஜவுளிக்கடைப் பை ஒன்றில் வைத்துக் கொடுத்தாள். அவள் போனதும் முகத்தோடு சேர்த்துப் பிடித்தேன். ஏதோ செயற்கைப் பூ வாசனை. கிராம்பு வாசனை போய்விட்டது. பாடுவதற்கு முன் தொண்டைக்கென்று நீ வாயில் அடக்கிக்கொள்ளும் கிராம்பு, கைப்பைக்குள் சிதறிச் சிதறி இந்தத் துணியில் ஏறிய வாசனை. நீ போன நாளிலிருந்து நான் துவைக்காமலே வைத்திருந்தது. இன்றைக்கு லீவு போட்டுவிட்டேன். ஆனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

எப்போதும் புடவை கட்டுகிற உனக்கு இந்தத் துப்பட்டா எதற்கு? காட்டுப்பாக்கம் ஆன்ட்டி வீட்டு வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு, முக்காடு போட ஒன்றுமில்லாமல் வேலையிலிருந்து நேராக வருகிறவர்களுக்காக வைத்திருந்தாய். நான் அப்படித்தான் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஜீன்ஸும் குர்தாவுமாக வந்து நின்றேன். "இந்தா, போத்திக்கோ. இல்லாங்காட்டி ஆன்ட்டி ஆண்டவர வுட்டுட்டு உன்னையே பாத்துகினு இருப்பாங்க" என்றாய். ஜெபத்துக்கு வந்த இடத்தில் சிரித்துவிட்டேன்.

அந்த வீட்டு வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருத்தியும் தன் வலப்பக்கத்தில் இருப்பவளுக்காகச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். என் இடப்பக்கம் யார் உட்கார்ந்தாலும் எனக்குக் கிடைத்தது ஒரே ஜெபம். இந்த மகளுக்கு ஒரு துணையைத் தாரும், இவள் குறைவை நீக்கும், இவள் நிந்தையை மாற்றும். அன்பாகத்தான் கேட்டார்கள். நானும் ஆமென் சொன்னேன். ஆனால் எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸ் வீட்டில் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வாய்விட்டுச் சொல்லாததை, இவர்கள் வாராவாரம் கடவுளுக்கு ஞாபகப்படுத்துவது போலிருந்தது. அவர் முன்னால் நான் ஒரு ஆளாக இல்லை, நிரப்ப வேண்டிய ஒரு காலியிடமாக இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நீ எழுந்து வந்து என் இடப்பக்கம் உட்கார்ந்தாய். உன் முறை வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"ஆண்டவரே, இவ கீறா. அதுக்கு ஸ்தோத்திரம். இவ சிரிச்சா பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரங்களும் சிரிக்கிறாங்க. அதுக்கும் ஸ்தோத்திரம். ஆமென்."

அவ்வளவுதான். ஆன்ட்டி கண்ணைத் திறந்து, இவளுக்காக நீ ஒன்றுமே கேட்கவில்லையே என்றார். கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு, நீ அடுத்தவளைப் பார்த்துத் தலையாட்டினாய்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் நான் அழுதுகொண்டு வந்தேன். எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று நினைத்துவிட்டாயா என்று சண்டைகூடப் போட்டேன். "வோணும்னா பண்ணிக்கோ, யாரு வேணான்னது? நீ தாலி கட்டிக்கினு வந்தாதான் உன்ன புள்ளன்னு ஒத்துப்பாருன்னா, அவரு இன்னாடி அப்பா?" என்றாய். ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக நம்மைப் பார்த்தார்.

அன்றிலிருந்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஞாயிறு ஆராதனையில் கண்ணை மூடினால், இல்லாதவற்றைச் சொல்லிப் புலம்பத் தோன்றவில்லை. என்னை அவருக்குத் தெரியும், நான் அவருக்கு வேண்டும் என்று இருந்தது.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. அதே வட்டத்தில் உனக்காக எல்லோரும் கேட்டோம். உன் விஷயத்தில் கேட்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. நீ போய்விட்டாய்.

அப்போது ஆரம்பித்தது இந்தத் தவிப்பு. நான் நம்பியது அவரையா, உன்னையா? என்னை அருமையாக நினைத்தது நீ மட்டும்தான் என்றால், அதையும் உன்னோடு கல்லறைத் தோட்டத்தில் வைத்து மூடிவிட்டார்கள். ஆன்ட்டி இப்போது என் தனிமைக்காக ஜெபிக்கிறார். நான் மறுபடியும் குனிந்து ஆமென் சொல்லத் தொடங்கியிருந்தேன்.

போன வாரம் என் வலப்பக்கம் ஒரு புதியவள் உட்கார்ந்தாள். சென்னீர்குப்பத்தில் புதிதாகக் குடிவந்தவள், ஐ.டி. வேலை. குழந்தை இல்லை என்று மாமியார் அனுப்பியிருந்தார். அவள் பெயருக்கு முன்பே அந்தக் குறை எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. தலைக்கு ஒன்றுமில்லாமல் நெளிந்துகொண்டிருந்தாள். உன் துப்பட்டாவைக் கொடுத்தேன். என் முறை வந்தபோது, எல்லோரும் எதிர்பார்த்ததைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. "ஆண்டவரே, இவ இருக்கா. அதுக்கு ஸ்தோத்திரம்" என்றேன். அவளைப் பற்றி வேறொன்றும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அது பொய்யாக இல்லை. அவளுக்காக எனக்குள் அவ்வளவு சந்தோஷம் எங்கிருந்து வந்தது? நான் சேர்த்து வைத்தது இல்லை அது. உன்னிடமும் இப்படித்தான் வேறெங்கிருந்தோ வந்ததா?

இன்று காலை ஆபீஸ் போகிற வழியில் துப்பட்டாவைக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரை அணைக்காமலே கேட்டாள், "அக்கா, சாயந்திரம் நான் உங்க இடப்பக்கம் உக்காரட்டுமா? எனக்கு ஜெபிக்கல்லாம் தெரியாது. உங்களுக்காக என்ன கேக்கணும்?"

உன்னைத் திருப்பித் தரச் சொல்லிக் கேள் என்று சொல்லியிருப்பேன். நாக்கு நுனி வரை வந்தது.

"ஒண்ணும் கேக்க வேணாம்மா. நான் இருக்கேன்னு மட்டும் சொல்லு" என்றேன்.

அடுக்களையில் கிராம்பு டப்பாவைத் திறந்தேன். ஒன்றிரண்டைத் துப்பட்டாவில் முடிந்துவிடலாம் என்று தோன்றியது. மூடி வைத்துவிட்டேன். தவிப்பு முழுவதும் போய்விடவில்லை. ஆனால் துணி அதன் வாசனையை இழந்த பிறகும், அந்த ஜெபம் என்னிடம் இருக்கிறது. மணி ஐந்தாகிறது. துப்பட்டாவை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டேன். இன்றைக்கும் யாராவது வெறும் தலையோடு வருவார்கள்.