ஆண்கள் பிரிவு: நான்கு ஸ்கோன், ஒரு பாட்டில் ஜாம்

ஜூலை 2, ஞாயிறு

வாய்க்கொழுப்பு. வேறென்ன சொல்ல? என் மனைவி தெல்மா வழக்கம்போல மாலைத் தேநீருக்கு ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டி சுட்டிருந்தாள். கிரீமும் ஜாமும் தடவி வயிறு முட்டத் தின்றேன். தின்றுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"இதுல என்ன பெரிய வித்தை இருக்கு? காலமெல்லாம் சிமென்ட் குழைச்சவன் நான். இந்த மாவு எனக்கு எம்மாத்திரம்?" என்றேன்.

தெல்மா கோபப்படவில்லை. அவள் கோபப்படாவிட்டால்தான் ஆபத்து. கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மாதக் கடைசியில் நடக்கிற ஊர்க் கண்காட்சியில் ஆண்களுக்கென்று ஒரு போட்டி உண்டு. நான்கு ஸ்கோனும், ஒரு பாட்டில் ஜாமும் வைக்க வேண்டும். அதற்கு என் பெயரைக் கொடுக்கப் போகிறாளாம்.

"நீ பரிசு வாங்கற வரைக்கும் இந்த வீட்ல நான் ஸ்கோன் சுடமாட்டேன், ரோலண்ட்."

சொன்னால் செய்கிற பெண். ஞாயிற்றுக்கிழமை ஸ்கோன் இல்லையென்றால் மற்ற ஆறு நாளும் எதற்கு?

ஜூலை 4

முதல் முயற்சி. கலவையில் ஒரு கட்டிகூட இருக்கக்கூடாது என்பது கொத்தனாரின் முதல் பாடம். அடித்துப் பிசைந்தேன். அடுப்பிலிருந்து எடுக்கும்போது ஒன்று கைதவறி விழுந்தது. தரை ஓடு விரிசல் விட்டது. ஸ்கோனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தெல்மா அதைத் தாண்டிப் போய்க் கெட்டிலை வைத்தாள். தோட்டத்துச் சுவருக்கு இன்னும் எத்தனை வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 5

தேநீருக்குக் கடை பிஸ்கட். தேநீரில் முக்கித் தின்றேன்.

ஜூலை 9, ஞாயிறு

ஸ்ட்ராபெரி ஜாம் காய்ச்சினேன். இறுகவே இல்லை. ஸ்பூனால் அள்ள முடியவில்லை, குடிக்க வேண்டியிருந்தது. மறுபடி அடுப்பில் ஏற்றினேன். இப்போது ஸ்பூன் உள்ளே மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. நல்ல ஸ்பூன் அது, கல்யாணத்துக்கு வந்தது.

வேலிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான் பக்கத்து வீட்டு டென்சில். பக்கத்து மாவட்டம், கார்ன்வால்காரன். டெவனில் எங்களோடு இத்தனை வருடம் இருந்தும் ஸ்கோன்மேல் முதலில் ஜாமைத் தடவி, அதற்குமேல் கிரீமை வைக்கிற ஆள். கிரீம்தான் முதலில் என்று இந்த ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதற்காகவே தெல்மா அவனைத் தேநீருக்குக் கூப்பிடுவதில்லை.

அவனும் இதே போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். ஆனாலும் சொல்லித் தருகிறேன் என்றான். ஒரே நிபந்தனை: அவன் வீட்டில், அவன் முறைப்படி, ஒரு ஸ்கோன் நான் சாப்பிட வேண்டும்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். மனிதனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது.

ஜூலை 12

சாப்பிட்டுவிட்டேன். ஜாம் கீழே, கிரீம் மேலே. ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொல்லிவிட்டுத்தான் வாயில் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது — கடவுளே, இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டுமா?

பிறகு நான் பிசைவதைப் பார்த்து அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"யோவ், இது செவரு இல்லய்யா. மாவைத் தொட்டும் தொடாம சேத்து விட்டுடு. வட்டமா வெட்டுற அச்சைத் திருகாத, நேரா அமுக்கி நேரா எடு. திருகுனா ஒரு பக்கமா சாஞ்சுதான் எழும்பும்."

வீட்டுக்கு வந்ததும் எங்கே போயிருந்தாய் என்று தெல்மா கேட்டாள். தபால் போட என்றேன். மோவாயில் ஜாம் இருந்ததை அப்புறம்தான் கண்ணாடியில் பார்த்தேன்.

ஜூலை 20

ராஸ்பெரி ஜாம் இறுகியது! குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். விழுந்தது. கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜூலை 28, வெள்ளி

சுட்ட ஸ்கோன் அவ்வளவும் எழும்பின. உயரத்தில் ஒத்துப்போன நான்கைத் தேர்ந்தெடுக்க ரசமட்டத்தை எடுத்து வந்தேன். தெல்மா பார்த்தாள். தொடக்கூட இல்லை. அவள் ஒன்றை எடுத்துக் கடித்திருந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும். கேட்க வாய் வரவில்லை.

ஜூலை 29, சனி

என்ன நாள் இது!

காலையில் கண்காட்சிக் கூடாரத்தில் என் தட்டை வைத்தேன். நான்கு ஸ்கோன், பக்கத்தில் ஜாம். தீர்ப்பு நேரத்தில் எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். நடுவர் திருமதி ஒட்டவே என்பவருக்குக் கத்தி, தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் உதவியாளாகத் தெல்மா மட்டும் உள்ளே இருந்தாள். திரும்பிப் போனால் டென்சிலுக்கு முதல் பரிசு. என் தட்டில் மூன்று ஸ்கோன்.

விதிப்படி நான்கு இருக்க வேண்டுமாம், மூன்றைச் சுவைத்துக்கூடப் பார்க்க முடியாதாம். வருத்தத்தோடுதான் சொன்னார் அந்த அம்மாள். நான் நேராக டென்சிலிடம் போய், தோத்துடுவோம்னு பயந்து, வெளிய வர்றப்பவே திருடித் தின்னுட்டியேடா என்று பாதிரியார் முன்னாலேயே கத்தினேன். தெல்மா என் கையைப் பிடித்துக் காருக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

பாலம் தாண்டினோம். பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே, "நான்தான் தின்னேன்" என்றாள்.

வண்டியை ஓரங்கட்டினேன்.

"ஓரத்துல லேசா கிள்ளிப் பாக்கலாம்னுதான் நெனச்சேன். நிறுத்த முடியல, ரோலண்ட். முழுசா உள்ள போயிடுச்சு."

அவள் சட்டையில் இன்னும் துகள் ஒட்டியிருந்தது. என் பரிசைக் கெடுத்தவள்மேல் எனக்கு எவ்வளவு கோபம் வர வேண்டும்? வரவில்லை. இவ்வளவு பெருமையாக நான் என் வாழ்நாளில் உட்கார்ந்ததில்லை, அதுவும் ஒரு பள்ளத்தோரம்.

டென்சிலிடம் மன்னிப்புக் கேட்கத் திரும்பிப் போனோம். பேசியது நான், தெல்மா காரைவிட்டு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

நான் பரிசு வாங்காததால் தெல்மா இன்னும் சுடுவதில்லை, ஞாயிறுதோறும் நான்தான். சொன்னால் செய்கிற பெண். செய்தித்தாளை விரித்துக்கொண்டு, ஆச்சா, ஆச்சா என்று அடுப்படியை எட்டிப் பார்த்துக் கேட்கிறாள். டென்சிலையும் அவளே கூப்பிட்டிருந்தாள். அவன் ஜாமை முதலில் தடவியபோது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போன வாரத்தைவிட உப்பு ஒரு சிட்டிகை தூக்கல் என்றாள் தெல்மா. அடுத்த ஞாயிறு சரி செய்துவிடுகிறேன் என்றேன்.