உங்களையும் சேர்த்து

"வீட்டில் எத்தனை பேரம்மா?" என்று கணக்கெடுக்க வந்த பெண் நேற்று கேட்டாள். அவள் கையிலிருந்த கார்பன் தாளின் வாசனை மூக்கில் ஏறியது. இதே கேள்வியை ஒருமுறை நான் உங்களிடம் கேட்டிருக்கிறேன்.

ஆந்திரம் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று முடிவாகாத நாள்கள் அவை. வீடுவீடாகப் போய் எத்தனை பேர், என்ன பாஷை என்று எழுதிவர ஆசிரியர்களை அனுப்பினார்கள். புத்தூர்ப் பக்கத்தில் நம் தெருவே எனக்கு வந்தது. புருஷன் பெண்டாட்டி நாம் இருவர் மட்டுமே இருந்த நம் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். நீங்கள் முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தீர்கள். விளையாட்டாக, அதிகாரியைப்போல விறைப்பாக நின்று கேட்டேன்.

"வாங்க டீச்சரம்மா, கால் வலிக்கப் போவுது, குந்துங்க" என்று நீங்களும் விளையாடினீர்கள். பிறகு கடலையைப் பார்த்துக்கொண்டே, "ஒருத்தர்" என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றாம் வகுப்பில் இதைக் கேட்டால் பிள்ளைகள் அம்மா, நைனா, அக்கா என்று விரல் மடக்கிவிட்டுத் தங்களை மறந்துவிடுவார்கள். திருத்திப் பழகிய வாயால், "உங்களையும் சேத்துக்கோங்க" என்றேன்.

"என்னெ எப்படிச் சேக்கறது? எனக்குத்தான் கருமாதி பண்ணிட்டீங்களே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

யுத்தத்தின்போது நீங்கள் சிங்கப்பூரில் இருந்தீர்கள். அது ஜப்பான்காரர்களிடம் விழுந்த பிறகு உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. செத்துவிட்டீர்கள் என்றே பெரியவர்கள் முடிவு செய்து, தர்ப்பையில் உருவம் செய்து எரித்தார்கள். என் தாலியை வாங்கிக்கொண்டார்கள். என்னைப் பெற்ற நைனா என்னைச் சித்தூருக்கு ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார். அது முடிந்த ஆண்டில் நீங்கள் எலும்பும் தோலுமாக வந்து நின்றீர்கள். கருமாதி ஆனவர் அப்படியே உள்ளே வரக்கூடாது என்று வாசலோடு நிறுத்தினார்கள். கிணற்றடியில் தலைமுழுக வைத்து, பிறந்த குழந்தைக்குச் செய்வதுபோலக் காதில் பேர் சொல்லி, திருமலையில் மறுபடி தாலி கட்டவைத்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று பத்து வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் கணக்கெடுத்த அன்றுதான், ஜப்பான்காரர்கள் உங்களை அடைத்துவைத்த முகாமைப் பற்றி வாய்திறந்தீர்கள். காலையில் வரிசையில் நிறுத்தி எண்ணுவார்களாம். ஆள் குறைந்தால் எல்லோருக்கும் அடி. காளஹஸ்திக்காரர் ஒருவர் செத்துப்போன காலையில், அவரை நீங்கள் ஒரு பக்கமும் இன்னொருவர் மறுபக்கமுமாகத் தாங்கி நின்றீர்களாம்.

"அவனையும் எண்ணினாங்க. அப்புறம் என்னெ எண்ணினாங்க. ரெண்டு பேருக்கும் இன்னா வித்தியாசம்னு இன்னி வரிக்கும் தெர்ல."

முறத்தைத் தள்ளிவைத்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கார்பன் தாளை வைத்து 'இரண்டு' என்று எழுதினேன். அதற்குக் கீழே உங்கள் பெயர். எழுதியதை வாய்விட்டு வாசித்தேன். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான், அதுவரை சொன்னதேயில்லை. நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

அதன்பிறகு பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம், வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல் உங்கள் பெயரைக் கூப்பிடுவேன். சில நாள் "உள்ளேன் டீச்சரம்மா" என்பீர்கள். பல நாள் உடனே பதில் வராது. வாசலிலேயே நிற்பேன். பள்ளிக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறேன். பதில் வாங்காமல் போனதில்லை.

நீங்கள் போய் ஒன்பது வருஷமாகிறது. நேற்று அந்தப் பெண் காத்திருந்தாள். ஒருமுறை உங்கள் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு, அன்று நீங்கள் சொன்ன 'ஒருத்தர்' என்ற விடையையே அவளுக்குச் சொன்னேன்.

இதைப் படிக்கும் என் பழைய மாணவர்களே, இன்று வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.