மாமாவின் சுகர் மாத்திரை

12 நவம்பர் 2007, திங்கள்

மாமாவுக்கு எச்.ஐ.வி. இருப்பது அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும். குவார்ட்டர்ஸில் யாராவது கேட்டால், அவர் சாப்பிடுவது சுகர் மாத்திரை என்போம். அந்தப் பொய் மாமாவின் யோசனைதான்.

இன்று ஜிலேபி வாங்கி வந்தேன். தட்டைத் தள்ளிவிட்டார்.

"சுகரை வெச்சுக்கிட்டு இதைத் திங்கச் சொல்றியேடா!"

"யாருக்கு மாமா சுகர்?"

"அச்சா, அப்ப நான் முழுங்குற மாத்திரை எதுக்காம்?"

கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை; தான் கட்டிய பொய்யைத் தானே நிஜமென்று நம்புகிறார்.

நாற்காலியை விட்டு எழவும் இப்போதெல்லாம் என் கை வேண்டியிருக்கிறது. வயசு என்கிறாள் அம்மா. அறுபதிலேயேவா? நான்சென்ஸ். அந்தக் கிருமி மூளையையும் விடாது. நாளை லீவு போட்டு மூளை டாக்டரிடம் நானே அழைத்துப் போகிறேன். அங்கே சுகர் கதை கிடையாது. எச்.ஐ.வி. என்றே சொல்வேன். கோளாறு தெரிந்தால் வழியும் தெரியும்.

அவர் பங்கு ஜிலேபியை மூடி வைத்திருக்கிறேன். தின்ன வைக்காமல் விடமாட்டேன்.